பழைய பாகம் வாங்கமுன்

1990களில் பொருளாதாரத் தடையால் பற்றரி கிடைக்காதபோது, சைக்கிளைக் கவிழ்த்து டைனமோ சுற்றி றேடியோ கேட்ட யாழ்ப்பாண மண் இது. பழுதான பெட்டியிலிருந்து மின்னணுப் பாகம் கழற்றிக் கைமாற்றுவது எங்களுக்குப் புதிதல்ல.

நெடுந்தீவு, நயினாதீவுக்காரர் பிழையான பாகத்தை மாற்றுவதென்றால் மறுபடி குறிகட்டுவான் துறைக்குப் படகேற வேண்டும். அதனால் விற்பவரிடம், பாகத்தின் மேலுள்ள இலக்கம் தெளிவாகத் தெரியும்படி படம் அனுப்பச் சொல்லுங்கள். பெயரை மட்டும் கேட்டு வாங்காதீர்கள்.

உப்புக்காற்றுத்தான் பெரிய எதிரி. சேர்க்கிற் போட்டில் பச்சை பூத்திருந்தால் செப்புக்கோடு அரிபட்டிருக்கலாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், மல்ரிமீற்றரால் தொடர்ச்சியையும் சோதியுங்கள். தலை வீங்கிய கப்பாசிற்றரைச் சும்மா தந்தாலும் வேண்டாம். மாற்றுக்குப் போடுவதில் மைக்ரோபரட் அதே அளவாகவும், வோல்ற் அதே அளவு அல்லது கூடுதலாகவும் இருக்கட்டும். ட்ரான்ஸ்போமர், ஹீற்சிங்க் போன்றவற்றைப் பழையதில் எடுப்பது இலாபம். சில்லறைத் தடையிகளைப் புதிதாகவே வாங்கிவிடலாம். வீங்கிய லித்தியம் பற்றரியைப் படகில் ஏற்றவே கூடாது.

விற்பவர்கள், கழற்றியதா புதிதா, சோதித்ததா இல்லையா என்று எழுதி ஒட்டுங்கள். ஐ.சி.களை அலுமினியத் தாளில் சுற்றி, சிலிக்காப் பையோடு இறுக்கமான டப்பாவில் வைத்தால் ஈரக்காற்று அண்டாது.