தறியும் தரியும்

அன்புள்ள ஆரணி வாசகருக்கு,

உங்கள் மகள் கைப்பேசியில் ஸ்பானிய மொழி படிப்பதாகவும், எழுத்துகளை ஏ, பி, சி என்றே வாசித்துத் தடுமாறுவதாகவும் எழுதியிருந்தீர்கள். முதலில் ஆங்கிலத்தை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். தமிழ் பேசும் நாக்குக்கு இந்த மொழி பாதி பழகியதுதான்.

மொத்தம் 27 எழுத்துகள். பழைய புத்தகங்களில் 29 இருக்கும். இரட்டை எழுத்துகள் இரண்டை 2010-இல் ஸ்பானிய மொழி அகாதமி வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. உயிர் ஐந்தே: ஆ, எ, இ, ஒ, உ. எந்தச் சொல்லில் வந்தாலும் ஒலி மாறாது.

மெய்யெழுத்தில்தான் நமக்குக் கொண்டாட்டம். 'பந்து' என்னும்போது தகரம் அழுந்துகிறது, 'அது' என்னும்போது குழைகிறது. இதை நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஸ்பானியத்திலும் அதே கதை. பட்டுக்கு அவர்கள் சொல் 'செதா'. அதில் வருவது நம் 'அது'வின் தகரம். 'எங்கே' என்பதற்கு 'தோந்தே'. அது 'பந்து'வின் தகரம். ஆங்கிலம் வழியாகப் போனால் 'சேடா', 'டோண்டே' என்று கெடும்.

ஆங்கிலத்தின் ஜே அங்கே 'ஹோத்தா', தொண்டையிலிருந்து வரும் ஹகரம். எச் எழுத்துக்கு 'ஆச்சே' என்று பெயர் உண்டு, ஒலி கிடையாது; வணக்கம் சொல்ல 'ஓலா'. ஆங்கிலத்தின் பி, வி இரண்டுக்கும் ஒரே ஒலி. இஸட் எழுத்து மெக்சிகோவில் சகரம். உங்கள் ஊர்க் கடைப் பலகையில் ஆங்கிலத்தில் இஸட் போட்டு எழுதியிருக்கும் 'ஜரி'யை ஒரு மெக்சிகோக்காரர் 'ஸாரி' என்று படிப்பார். ஜரிகையே சேலை ஆகிவிடும்!

மேலே சிறு அலை போட்ட 'என்' எழுத்து நம் ஞகரம். நம் பத்திரிகைகள் மழை பொய்க்கும் ஆண்டெல்லாம் 'எல் நினோ' என்று எழுதுகின்றன (நானும் எழுதியிருக்கிறேன்). பெரு நாட்டு மீனவர்கள் கிறிஸ்துமஸை ஒட்டிக் கடல் சூடாவதைக் கண்டு குழந்தை இயேசுவை நினைத்து வைத்த பெயர் அது: 'எல் நீஞோ'. கைவசம் ஞகரம் இருந்தும் நாம் அதைத் தொலைத்தது ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்ததால்தான்.

ஒன்றில் மட்டும் உழைக்க வேண்டும். 'பெரோ' என்றால் ஆனால். 'பெர்ரோ' என்றால் நாய். முன்னதில் நாக்கு ஒருமுறை தட்டும், பின்னதில் பலமுறை அதிரும். சேலையைத் தரிப்பதற்கும் தறியில் நெய்வதற்கும் எழுத்தில் நாம் வைத்திருக்கும் வேறுபாடு இது. நாகர்கோவில் பக்கம் பேச்சிலும் இருக்கிறது. உங்கள் பக்கம் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டன. மகளைத் தினம் பத்து முறை 'தரி, தறி' என்று சொல்லிப் பழகச் சொல்லுங்கள். தறி ஓடும் நேரத்தில் வேண்டாம், காதில் விழாது.