எலுமிச்சை எங்கே போனது?
நாவலையும் திரைப்படத்தையும் அருகருகே வைத்து ஒரு பாடம்

வகுப்பறைக்குள் எலுமிச்சை கொண்டுவரக் கூடாது என்பது ஆசிரியர் டேவிஸின் உத்தரவு. பன்னிரண்டு வயது ஏமி, உப்பில் ஊறிய இருபத்து நான்கு எலுமிச்சைகளைத் தோழிகளுக்காக எடுத்துவருகிறாள். வழியிலேயே ஒன்றைத் தின்றும் விடுகிறாள். அவள் மீது கோபமாக இருந்த ஒரு மாணவி ஆசிரியரிடம் போட்டுக்கொடுக்கிறாள். எலுமிச்சைகளை இரண்டிரண்டாகச் சன்னல் வழியே எறியச் சொல்கிறார் ஆசிரியர். பிறகு உள்ளங்கையில் அடி. பிறகு இடைவேளை வரை எல்லோர் முன்னிலையிலும் நிற்க வேண்டும். அதுவரை வாழ்வில் ஒருமுறைகூட அடி வாங்காத குழந்தை அவள்.

அமெரிக்க எழுத்தாளர் லூயிசா மே ஆல்காட் எழுதிய 'லிட்டில் விமன்' நாவலின் ஏழாம் அத்தியாயம் இது. மெக், ஜோ, பெத், ஏமி என்ற நான்கு சகோதரிகளின் கதை, 1868, 1869 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. தந்தை உள்நாட்டுப் போர்க்களத்தில் இருக்க, தாய் வறுமையிலும் பெண்களை வளர்த்தெடுக்கிறார்.

ஏமி அழுதுகொண்டே வீடு திரும்பியதும் தாய் என்ன செய்கிறார்? அந்தப் பள்ளியிலிருந்து மகளை நிறுத்திவிடுகிறார். அவர் எழுதிய கடிதத்தை ஜோ கொண்டுபோய்க் கொடுத்து, தங்கையின் பொருள்களை எடுத்துவருகிறாள். ஆனால், விதியை மீறியது தவறுதான் என்று ஏமியிடமும் கண்டிப்பாகச் சொல்கிறார் தாய். தவற்றை மறைக்கவில்லை, அடியை ஏற்கவும் இல்லை. இது ஆல்காட்டின் வீட்டிலிருந்து வந்த எண்ணம். அவருடைய தந்தை பிரான்சன் ஆல்காட், 1834-இல் பாஸ்டனில் பள்ளி தொடங்கி, உரையாடல் வழியாகக் கற்பித்த ஆசிரியர்.

திரையில் நடந்தது

இந்நாவலின் முதல் பேசும்படம் 1933-இல் வெளிவந்தது. இயக்கியவர் ஜார்ஜ் கூக்கர். ஜோவாக நடித்தவர் காத்தரின் ஹெப்பர்ன். திரைக்கதை எழுதிய சாரா மேசன், விக்டர் ஹீர்மன் இணை ஆஸ்கர் விருது பெற்றது. ஏமியாக நடித்த ஜோன் பென்னெட்டுக்கு அப்போது 23 வயது!

இப்படத்திலும் ஏமியின் வகுப்பறை உண்டு. ஆனால் எலுமிச்சை இல்லை. கணக்குப் போட வேண்டிய பலகையில் படம் வரைந்ததற்காக அவள் ஆசிரியரிடம் மாட்டிக்கொள்கிறாள். காட்சி சிரிப்போடு கடந்துவிடுகிறது. அடியும் இல்லை, பள்ளியை விட்டு நிறுத்தும் தாயின் முடிவும் இல்லை.

ஏன் இப்படி? 47 அத்தியாயங்களை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சொல்ல வேண்டும். எனவே தொடக்கத்திலேயே மெக் பாடம் சொல்லிக்கொடுக்கும் வீட்டில், ஜோ அத்தையின் வீட்டில், ஏமி பள்ளியில் என ஒவ்வொருத்தியையும் சுருக்கமாக அறிமுகம் செய்கிறது படம். ஏமி குறும்புக்காரி என்று காட்டினால் போதும். பலகை அதைச் செய்துவிடுகிறது. கதை வேகம் பெறுகிறது. ஆனால் ஒரு தாயின் துணிவான முடிவு காணாமல் போகிறது. தழுவல் என்பது தேர்வு; ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு விலை உண்டு.

கில்லியன் ஆம்ஸ்ட்ராங் 1994-இல் எடுத்த படத்தில் எலுமிச்சையும் அடியும் தாயின் எதிர்ப்பும் திரும்பி வந்தன. கிரேட்டா கெர்விக்கின் 2019 படத்தில் ஆசிரியரைக் கேலிச்சித்திரமாக வரைந்து அடிபடுகிறாள் ஏமி. ஒரே காட்சி, காலந்தோறும் வேறு வேறு பார்வை.

வகுப்பில் செய்து பார்ப்போம்

தொடக்க வகுப்புகளில் கதையை அடி விழும் இடம் வரை சொல்லி நிறுத்துங்கள். 'அம்மா என்ன செய்திருப்பார்?' என்று கேளுங்கள். எல்லா விடைகளையும் கரும்பலகையில் எழுதிய பின்னரே முடிவைச் சொல்லுங்கள்.

உயர்நிலை வகுப்புகளில் மூன்று குழுக்கள் அமையுங்கள். முதல் குழு, நாவலில் உள்ளது, 1933 படத்தில் உள்ளது என இரு பத்திகளாக அட்டவணை போடட்டும். இரண்டாம் குழு, தாய் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தை எழுதட்டும். நாவலில் அக்கடிதத்தின் வாசகம் இல்லை என்பதால் மாணவரின் கற்பனைக்கு முழு இடமுண்டு. மூன்றாம் குழு, அடிக்குப் பதிலாக டேவிஸ் வேறென்ன செய்திருக்கலாம் என்று ஒரு சிறு நாடகமாக நடித்துக்காட்டட்டும். இறுதியில், 'நீங்கள் இயக்குநரானால் எலுமிச்சையை வைப்பீர்களா, எடுப்பீர்களா? ஏன்?' என்ற கேள்வியோடு முடிக்கலாம்.

மூன்றாம் குழுவின் வேலை நமக்கும் உரியது. டேவிஸைக் கொடியவராக மட்டும் ஆல்காட் காட்டவில்லை. அன்று காலை காப்பி கடுமையாக இருந்தது, கிழக்குக் காற்றில் நரம்பு வலி, மாணவர்களும் எதிர்பார்த்தபடி படிக்கவில்லை என்று காரணங்களை அடுக்குகிறார். அப்படிப்பட்ட காலைப்பொழுதுகள் நமக்கும் வருகின்றன. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. கை ஓங்காமல் இருக்கச் சட்டம் போதும். ஆனால் ஏமிக்கு அடியைவிட ஆறாத காயம், எல்லோர் முன்னும் நின்ற அந்த நேரம்தான். குழந்தையை வகுப்பின் முன் நிறுத்தி வைக்கும் முன், அந்த இடத்தில் நின்று வகுப்பை ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.