முட்டை தசையாவது எப்படி?

பள்ளி விளையாட்டுப் போட்டி நெருங்கும் காலத்தில் சில மாணவர்களிடம் ஒரு புதுப் பழக்கம் தோன்றும். காலையில் இரண்டு பச்சை முட்டைகளை உடைத்துப் பாலில் கலக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிடுவார்கள். வேகவைத்தால் சத்துப் போய்விடும் என்பது அவர்கள் எண்ணம். முட்டையிலுள்ள புரதம் அப்படியே கை, கால் தசைகளில் போய் ஒட்டிக்கொள்ளும் என்றும் அவர்கள் நம்புகிறார்கள். இவை சரிதானா? ஒரு முட்டை நம் உடலுக்குள் செல்லும் வழியைப் பின்தொடர்ந்து பார்ப்போம்.

புரதம் என்பது மிக நீண்ட ஒரு சங்கிலி. அதன் கண்ணிகள் அமினோ அமிலங்கள் எனப்படும். நம் உடலிலுள்ள புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. தமிழின் 247 எழுத்துகளைக் கொண்டு கணக்கற்ற சொற்களை எழுதுகிறோம் அல்லவா? அதைப் போலவே, இந்த 20 வகைகளை வெவ்வேறு வரிசையில் கோத்து உயிரினங்கள் தத்தமக்கு வேண்டிய புரதங்களை உருவாக்கிக்கொள்கின்றன. முட்டையில் இருப்பவை கோழிக்குரிய ‘சொற்கள்’. நம் தசைக்கு வேண்டியவை வேறு. ஆகவே, உடல் முதலில் அந்தச் சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

வாயில் புரதம் மெல்லப்படுகிறதே தவிர, செரிமானம் அடைவதில்லை. உண்மையான வேலை இரைப்பையில் தொடங்குகிறது. அங்கே சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம், நூல்கண்டு போல் சுருண்டிருக்கும் புரதச் சங்கிலியை விரிக்கிறது. விரிந்த சங்கிலியைப் பெப்சின் என்னும் நொதி துண்டு துண்டாக வெட்டுகிறது. சுருண்ட நூல்கண்டுக்குள் கத்தரிக்கோலை நுழைப்பது கடினம், விரித்துவிட்டால் எளிது.

வெப்பமும் இதே விரிக்கும் வேலையைத்தான் செய்கிறது. கோப்பிக் கடையில் அரைவேக்காட்டு முட்டையை உடைக்கும்போது பார்த்திருப்பீர்கள். கண்ணாடி போலிருந்த வெள்ளைக்கரு பால் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருக்கும். புரதச் சங்கிலிகள் விரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதன் அடையாளம் அது. ஆகவே, வெந்த முட்டையில் இரைப்பையின் வேலை பாதி முடிந்துவிடுகிறது. 1998இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் இதனை அளந்து பார்த்தார்கள். வெந்த முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய 90 விழுக்காடு செரித்தது. பச்சை முட்டையில் ஏறக்குறைய 50 விழுக்காடுதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்ததில் பாதி வீண்! பச்சை முட்டையில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும் என்பது வேறு.

இரைப்பைக்குள் நடப்பதை அக்காலத்தில் யாரேனும் கண்ணால் கண்டதுண்டா? உண்டு. 1822இல் அமெரிக்காவின் மெக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளியின் வயிற்றில் தவறுதலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால், இரைப்பைவரை செல்லும் துளை ஒன்று மூடாமலேயே நின்றுவிட்டது. அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் வில்லியம் போமண்ட், 1825 முதல் உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அத்துளை வழியே உள்ளே விட்டு, சிறிது நேரம் கழித்து வெளியே இழுத்துப் பார்த்தார். முதல் சோதனையில், வேகவைத்த இறைச்சித் துண்டு ஒன்று இரண்டு மணி நேரத்தில் நூலை விட்டே மறைந்துபோனது. பச்சை இறைச்சியோ அதிகம் மாறவில்லை. இப்படி நூற்றுக்கணக்கான சோதனைகள் நடந்தன. நம் அறிவு வளர்ந்தது உண்மைதான். ஆனாலும், பல ஆண்டுகள் நூலின் மறுமுனையில் இருந்த அந்த ஏழைத் தொழிலாளியை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது.

இங்கே ஓர் ஐயம் எழும். இரைப்பையின் சுவரும் புரதத்தால் ஆனதுதானே? இறைச்சியைக் கரைக்கும் பெப்சின், இரைப்பையை ஏன் கரைப்பதில்லை? உடல் மிகுந்த எச்சரிக்கையுடன் நடந்துகொள்கிறது. பெப்சின், உறையிலிட்ட கத்தியைப் போல, பெப்சினோஜென் என்ற செயலற்ற வடிவில்தான் சுரக்கிறது. இரைப்பையின் அமிலம் பட்ட பிறகே உறை கழல்கிறது. சுவரின்மேல் பூசியிருக்கும் கெட்டியான சளிப்படலமும் அதைக் காக்கிறது. கணையத்தில் சுரக்கும் டிரிப்சினும் இவ்வாறே. அது சிறுகுடலை அடைந்த பிறகே விழித்துக்கொள்ளும். தப்பித்தவறிக் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால், கணையத்தையே அரிக்கத் தொடங்கிவிடும். கணைய அழற்சி என்ற கடும் நோயில் நடப்பது இதுதான்.

சிறுகுடலில் டிரிப்சினும் பிற நொதிகளும் எஞ்சிய துண்டுகளை மேலும் வெட்டுகின்றன. இறுதியில் தனி அமினோ அமிலங்களும், இரண்டு அல்லது மூன்று கண்ணிகள் கொண்ட சிறு துண்டுகளுமே மிஞ்சுகின்றன. குடலின் உட்சுவரில் விரல் போல் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் இவற்றை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. சிறு துண்டுகளும் பெரும்பாலும் அந்தச் சுவரின் உயிரணுக்களுக்குள்ளேயே தனி அமிலங்களாகப் பிரிந்துவிடுகின்றன. பிறகு இரத்தத்தில் கலந்து, முதலில் கல்லீரலுக்குச் செல்கின்றன. அங்கிருந்துதான் தசை, தோல், தலைமுடி என்று உடலின் எல்லாப் பகுதிகளுக்கும் பங்கீடு நடக்கிறது. இந்நிலையில், எது முட்டையிலிருந்து வந்தது, எது பருப்பிலிருந்து வந்தது என்று உடலுக்குத் தெரியாது.

ஆயினும், எல்லா ‘எழுத்துகளும்’ கிடைத்தாக வேண்டும். 20 அமினோ அமிலங்களுள் 9 வகைகளை உடலால் போதிய அளவு உருவாக்கிக்கொள்ள இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும். அரிசியில் லைசின் என்ற அமிலம் குறைவு. உளுந்தில் அது நிறைய உண்டு. உளுந்தில் மெத்தியோனின் குறைவு; அதனை அரிசி ஈடுசெய்கிறது. இந்த வேதியியல் எதுவும் தெரியாமலேயே நம் பாட்டிமார் இரண்டையும் சேர்த்தரைத்துத் தோசை சுட்டார்கள்.

தேவைக்கு மேல் புரதம் உண்டால் தசை கூடுமா? பயிற்சியில்லாமல் கூடாது. கொழுப்பைச் சேமிப்பதுபோல் அமினோ அமிலங்களைச் சேமித்து வைக்க உடலில் தனிக் கிடங்கு இல்லை. மிகுந்தவற்றிலுள்ள நைட்ரஜனைக் கல்லீரல் பிரித்து யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகங்கள் அதனை வடிகட்டிச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. மீதிப் பகுதி ஆற்றலாக எரிக்கப்படுகிறது, அல்லது கொழுப்பாக மாறுகிறது. விலை கொடுத்து வாங்கும் புரத மாவின் மிகுதிக்கும் இதே வழிதான்.