மூலை 90 பாகை இல்லேன்னா?

சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓடும் பலகையைத்தான் ஸ்கர்ட்டிங் என்கிறோம். நேர்ச்சுவரில் அதை யாரும் பொருத்திடலாம். அறையின் உள்மூலைக்கு வரும்போதுதான் வேலை தெரியும்.

பலர் இரண்டு பலகையையும் 45 பாகையில் அறுத்து முட்ட வைப்பாங்க. கணக்குப்படி சரிதான். ஆனா நம்ம தாமான் வீட்டுச் சுவர் செங்கல்மேல சிமெண்டு பூசினது. மூலையில் பூச்சு கொஞ்சம் தடிச்சாலே கோணம் மாறிடும். நீங்களே சோதிக்கலாம். மூலையிலிருந்து ஒரு சுவரில் 60 செ.மீ., மறு சுவரில் 80 செ.மீ. குறிங்க. இரண்டு குறிக்கும் இடையே 100 செ.மீ. இருந்தால் 90 பாகை. பள்ளியில் படிச்ச பித்தாகரஸ்தான்! 101.7 வந்தால் கோணம் சுமார் 92. அப்போ 15 மி.மீ. தடிப்புள்ள பலகையில், முன்பக்கம் முக்கால் மில்லிமீட்டர் வாய் பிளந்து நிற்கும். 88 பாகையா இருந்தா முன்பக்கம் முட்டிக்கும், இடைவெளி பின்னால ஒளிஞ்சுக்கும். அது அதிர்ஷ்டக்கார மூலை.

எங்க பாட்டி தரையில் பாய் போட்டுப் படுப்பவர். அவர் அறை மூலையில் யாரோ சிலிக்கோனைத் திணிச்சு மறைச்சிருந்தாங்க. அது விரிசல் விட்டு, எறும்பு வரிசை கட்டி வந்தது. அப்பாவும் நானும் பலகையை மாத்தினோம். உபரியாக இருந்தது ஒரே பலகை. "பார்த்து அறுப்பா" என்றார் அப்பா.

நாங்க செய்தது கோப்பிங். முதல் பலகையை நேராக அறுத்து மூலைச் சுவரில் முட்ட வையுங்க. இரண்டாவதை 45 பாகையில் அறுத்தால், முன்முகத்தின் வளைவு ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டில் பென்சில் ஓட்டி, கோப்பிங் ரம்பத்தால் அதன் வழியே அறுங்க. ரம்பத்தைச் சாய்ச்சுப் பிடிச்சு, பின்பக்க மரத்தைக் கொஞ்சம் அதிகமா எடுக்கணும். முன்விளிம்பு மட்டும் முதல் பலகைமேல் உட்கார்ந்தால் போதும். கோணம் ஓரிரு பாகை தப்பினாலும் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. மேடுபள்ளத்தை, பென்சிலில் சுற்றிய உப்புத்தாளால் தேய்ச்சு சரி பண்ணலாம்.

முக்கியமா, கோப்பிங்கை முடிச்ச பிறகே நீளத்தை அளந்து வெட்டுங்க. வளைவு கெட்டுப்போனாலும் மறுபடி அறுக்க மரம் இருக்கும். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலா விட்டு, நடுவில் வளைச்சு அழுத்தினால் இறுக்கமா உட்காரும். வாசலுக்கு எதிர்ச்சுவரில் நேர்ப்பலகையை வையுங்க. உள்ளே வருபவர் கண்ணுக்கு இணைப்பு படாது.

எல்லாத்துக்கும் இது தேவையில்லை. முகம் தட்டையான பலகைன்னா, நேராக முட்ட வைச்சாலே போதும். மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டிய பலகையில் கோப்பிங் பண்ணினால் விளிம்பு பிய்யும். அதுக்குக் கோணத்தைப் பாதியாக்கி, 92க்கு 46 என்று அறுங்க. எம்.டி.எஃப். பலகைன்னா அறுத்த முனைக்குப் பெயிண்ட் பூசிட்டுத்தான் பொருத்தணும். தினமும் ஈரத்துணியால் தரை துடைக்கிற வீட்டில், தண்ணீர் குடிச்சு உப்புறது அந்த முனைதான்.