பாட்டிக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது?

அன்புள்ள தம்பி,

இப்படிக் கூப்பிடவே யோசனையாக இருக்கிறது. அண்ணா தம்பிக்குக் கடிதம் எழுதிய காலத்தில் அந்தச் சொல் ஒரு கட்சியில் இருந்தது. இப்போது வேறொரு கட்சியில் இருக்கிறது. உன்னை இரண்டிலும் சேர்க்கும் உத்தேசம் எனக்கில்லை.

உன் ரேஷன் கடைக் கதையைப் படித்தேன். பாமாயில் நாளைக்கு வரும் என்கிற கடைக்காரரிடம் வரிசையில் நிற்கும் பாட்டி, “கம்பி கட்டுற கதையெல்லாம் வேணாம்” என்கிறாள். அவள் மகன் “உருட்டாதே” என்கிறான். பேரன், “முட்டுக் கொடுக்காதே.” மூன்று தலைமுறைக்கும் ஒரே வாய், அதுவும் போனில் மீம் பார்க்கிற உன் வாய். எனக்கு எரிச்சல் அங்கேதான்.

பாட்டி அப்படிப் பேசவே கூடாது என்றில்லை. பேரன் நாள் முழுக்கச் சொல்வது அவளுக்கும் ஒட்டியிருக்கலாம். அப்படியானால் அதைக் காட்டு. எந்தச் சொல்லையும் யாராவது ஒருவர்தான் வீட்டுக்குள் கொண்டுவருவார். எங்கள் வீட்டுக்கு ‘வணக்கம்’ சித்தப்பா வழியாக வந்தது. தாத்தா கடைசிவரை நமஸ்காரம்தான்; அபேட்சகர், மந்திரி என்பதையும் விடவில்லை. வேட்பாளர், அமைச்சர் என்று சித்தப்பா திருத்திக்கொண்டே இருப்பார். ஒரே திண்ணைதான், ஆனால் வாயைத் திறந்தால் ஓட்டு யாருக்கு என்று தெரிந்துவிடும். முரசொலியில் கருணாநிதி ‘உடன்பிறப்பே’ என்று எழுதிய கடிதங்களைச் சித்தப்பா உரக்கப் படிப்பார், தாத்தா காதில் விழட்டும் என்றே. அந்தச் சொல்லைத்தான் இணையத்தில் ‘உபி’ என்று சுருக்கி வசவாக்கிவிட்டார்கள். சித்தப்பா இருந்திருந்தால்... சரி, விடு.

உன் வரிசையிலும் ஒருவன் ‘உபி’ என்கிறான், மற்றவன் ‘சங்கி’ என்கிறான், அத்தோடு சண்டை முடிந்துபோகிறது. சண்டை எதற்கு வந்தது? பாமாயிலுக்கு. முத்திரை குத்தியதும் அவர்கள் இருவரும் பாமாயிலை மறந்துவிட்டார்கள். நீயுமா மறப்பாய்?

ஆனாலும் ஒரு வரிக்காக உன்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு தெருவில் போகலாம். புருஷன் கோபித்துக்கொண்டு மொட்டைமாடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான். சோற்றுத் தட்டோடு வருகிற பெண்டாட்டி, “என்ன, தர்மயுத்தமா?” என்கிறாள். 2017 பிப்ரவரியில் ஜெயலலிதா நினைவிடத்தில் ஓ. பன்னீர்செல்வம் உட்கார்ந்திருந்ததை டிவியில் பார்த்தவள் பேசுகிற பேச்சு அது. மேடைச் சொல்லைப் பிடுங்கித் தன் வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டாள். இந்த வருஷம் நான் படித்த கதைகளில் இதற்குப் பக்கத்தில் வைக்க ஒரு வரி இல்லை.

பாட்டியை மட்டும் திரும்ப எழுது. பாமாயில் கிடைக்காதவள் எப்படித் திட்டுவாள் என்று ஒரு நாள் வரிசையில் நின்று கேள். அப்புறம், கதைசொல்லி இரண்டு இடத்தில் ‘நுண்ணரசியல்’ என்கிறார். இரண்டையும் அடித்துவிட்டு அனுப்பு.