வெள்ளெழுத்தும் கைத்துப்பாக்கியின் குறியும்

நாற்பத்தைந்து வயதைக் கடந்த காவற்பணியாளர் ஒருவர், ஆண்டுப் பயிற்சியில் தம் குண்டுகள் இலக்கினின்றும் சிதறுவதைக் கண்டு, கை தளர்ந்துவிட்டதென வருந்துவதுண்டு. பல வேளைகளில் குறை கண்ணில்தான் இருக்கும்.

பொருளின் தூரத்திற்கேற்பக் கண்ணினுள் இருக்கும் வில்லை தன் வளைவை மாற்றிக்கொள்கிறது. பத்து வயதில் 12 டயாப்டருக்கும் மேற்பட்ட இவ்வாற்றல், நாற்பதில் 4 அல்லது 5 ஆகக் குறைந்து, அறுபதில் ஏறக்குறைய 1 ஆகிவிடும். வில்லை நாளடைவில் இறுகி வருவதே இதற்கு முதன்மையான காரணமாகும். இதனையே மக்கள் வெள்ளெழுத்து என்பர்.

கைத்துப்பாக்கியால் குறிபார்ப்பவர் மூன்று பொருள்களைக் காண வேண்டும்: அருகிலுள்ள பின்குறியின் வெட்டுவாய், சுமார் 70 செ.மீ. தொலைவில் குழல்நுனியிலுள்ள முன்குறி, அப்பால் இலக்கு. எக்கண்ணும் ஒரே நேரத்தில் மூன்றையும் தெளிவாகக் காணாது. இளையோர் முன்குறியைத் தெளிவாகக் கொண்டு மற்றவற்றை மங்கலாக விடுவர். முதியவருக்கோ இலக்குத் தெளிந்து முன்குறி கலங்கும்.

இதனால் விளையும் தீங்கைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இரு குறிகளுக்கும் இடைத்தூரம் 15 செ.மீ. எனக் கொள்க. முன்குறி 1 மி.மீ. விலகினால், 25 மீட்டரில் குண்டு ஏறக்குறைய 17 செ.மீ. விலகிப் பாயும். இரு குறிகளும் நேராக இருந்து, துப்பாக்கி முழுவதும் 1 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்தாலோ பிழையும் 1 செ.மீ. மட்டுமே. ஆதலின் இலக்கு மங்கலாயிருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம்; முன்குறி மங்கலாயிருத்தல் ஆகாது.

படிக்கும் கண்ணாடி இதற்கு உதவாது. அது சுமார் 40 செ.மீ. தூரத்திற்கென அமைந்தது. இரட்டை வில்லைக் கண்ணாடி அணிந்தவரோ மோவாயைத் தூக்கிப் பார்க்க நேர்ந்து நிலை குலைவார். 70 செ.மீ. தூரத்திற்கு முழுமையாகப் பொருந்துவது ஏறக்குறைய 1.5 டயாப்டர் குவிவில்லை. ஆனால் அதில் இலக்கு மிகவும் கலங்கிவிடும். தூரப்பார்வைக்குரிய கண்ணாடியின் அளவுடன் 0.5 அல்லது 0.75 மட்டும் கூட்டுவது நல்ல சமரசமாகும். கண் மருத்துவரிடம் செல்பவர், தம் கண்ணுக்கும் முன்குறிக்கும் உள்ள தூரத்தை அளந்து குறித்துச் செல்லல் நலம்.

கூட்டிய வில்லையின் குறையை ஒளி ஈடுசெய்யும். வெளிச்சத்தில் கண்மணி சுருங்க, அண்மையும் சேய்மையும் ஓரளவு ஒருங்கே தெளியும். ஆசிரியர்கள் இதனை ஓர் அஞ்சலட்டையில் ஊசித்துளையிட்டு, அதன் வழியே சிற்றெழுத்துக்களைப் படிக்கச் செய்து காட்டலாம். போட்டியாளர்கள் கண்ணாடிச் சட்டத்தில் பொருத்தும் சிறுதுளைத் தகடும் இத்தத்துவமே. மற்றைக் கண்ணை இறுக மூடுவது தசைகளைக் களைப்பிக்கும். கருப்புத் துணியால் மறைப்பின் இரு கண்மணிகளும் விரியும். வெண்ணிற மறைப்பே தக்கது. குறி கலங்கத் தொடங்கின், கையைத் தாழ்த்தி இளைப்பாறி மீண்டும் உயர்த்துக. உற்று நோக்கிக்கொண்டே நிற்பதால் தெளிவு வாராது.

ஒளிப்புள்ளிக் குறிகளில் புள்ளி வெகுதூரத்தில் உள்ளதுபோல் தோன்றுவதால் வெள்ளெழுத்து இடையூறு செய்யாது. எனினும் சில உலகப் போட்டிகளின் விதிகள் அவற்றைக் கைத்துப்பாக்கிக்கு அனுமதிப்பதில்லை.

குவிவு கூட்டிய கண்ணாடி பயிற்சிக் களத்திற்கு மட்டுமே உரியது. எதிரே நிற்பவர் யாரென அடையாளம் காண வேண்டிய பணியிலும், வண்டி ஓட்டும்போதும் அதனைக் கழற்றித் தூரக் கண்ணாடியை அணிதல் வேண்டும். எந்தக் கண்ணாடியாலும் நீங்காத மங்கலோ, விளக்கைச் சுற்றி வளையமோ, நேர்கோடு வளைந்து தெரிவதோ வெள்ளெழுத்தின் அடையாளமன்று. காலந்தாழ்த்தாது கண் மருத்துவரைக் காண்க.