எறும்பு சொல்லும் மழை

வானிலை அறிக்கை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே தமிழர் மழையின் வருகையை உயிரினங்களைக் கொண்டு கணித்தனர். எறும்புகள் முட்டைகளைக் கவ்விக்கொண்டு மேட்டை நோக்கி வரிசையாகச் சென்றால் மழை வரும். தட்டான்கள் தாழப் பறந்தாலும், தவளைகள் விடாமல் கத்தினாலும் மழை வரும் என்றனர். (முட்டை என்று நாம் சொல்பவற்றுள் பெரும்பாலானவை புழுக்களும் கூட்டுப்புழுக்களுமே.) கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் மலாயாவின் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த தமிழர்கள், இவ்வறிவையும் தங்களுடன் கொண்டு வந்தனர்.

இக்கணிப்பை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட இயலாது. மழைக்கு முன் காற்றில் ஈரப்பதம் மிகும், காற்றழுத்தம் குறையும். பிரேசில் ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குச் சான்றாகும். காற்றழுத்தம் குறைந்தபோது ஒருவகை வண்டு, அசுவினி, அந்துப்பூச்சி ஆகிய மூன்றும் இணை தேடும் நடத்தையை மாற்றிக்கொண்டதை அவர்கள் கண்டறிந்தனர். தவளைக்கோ ஈரமான தோலும் முட்டையிட நீரும் தேவை. அதனால்தான் காற்று ஈரமாகும்போது அது குரல் எழுப்புகிறது.

ஆயினும், இவ்வுயிரினங்கள் உணர்வது அந்த நேரத்துக் காற்றை மட்டுமே. அமெரிக்காவின் பங்சடானி என்னும் சிற்றூரில் 1887ஆம் ஆண்டு முதல் பிப்ரவரி 2ஆம் நாளில் ஒரு விழா நடைபெறுகிறது. வளையில் வாழும் மர்மோட் என்னும் விலங்கு தன் நிழலைக் கண்டால், குளிர் மேலும் ஆறு வாரம் நீடிக்குமாம். அக்கணிப்பு பலித்ததைவிடப் பொய்த்ததே அதிகம். விழா என்னவோ சுவையானதுதான்! நம் எறும்பு அவ்வளவு தொலைவு பார்ப்பதில்லை. அதன் கணக்கு சில மணி நேரத்திற்குரியது.

இங்கு இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் சராசரி மழை ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவு. வானம் பார்த்த நிலத்தில் விதைக்கக் காத்திருந்த உழவருக்கு மழை வருமா, வராதா என்பதே கேள்வி. அங்கு எறும்பின் வரிசை பெருஞ்செய்தியாக இருந்தது. தானா ராத்தாவிலோ ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் பெரும்பாலான பிற்பகல்கள் நனைந்தே கழிகின்றன. எறும்பு எந்த நாளில் இடம் மாறினாலும் மழை பெய்யத்தான் செய்யும்; கணிப்பும் பலித்ததாகவே தோன்றும்.

ஆகவே, மலைவாழ் மக்களின் கேள்வி வேறு: எவ்வளவு பெய்யும்? மண் தாங்குமா? 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் அதிகாலையில், கனமழையால் நிரம்பிய சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து வீடுகளை அழித்தது, உயிர்களும் பறிபோயின. மேட்டு நிலங்களில் காடு அழிக்கப்பட்டதால் மண் அரித்துவந்து நீர்த்தேக்கத்தில் படிந்திருந்தது. அது கொள்ளும் நீரின் அளவும் குறைந்திருந்தது. இதனை எந்தத் தட்டானும் உணர்ந்திருக்க முடியாது.

பிற்பகல் மழைக்கு முன் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு ஒதுங்க, தவளையின் குரல் இன்றும் உதவும். சரிவின் அடியில் வீடு உள்ளவர்களோ தானா ராத்தாவிலுள்ள வானிலை நிலையத்தின் மழையளவையும், மலேசிய வானிலை ஆய்வுத் துறை மூன்று நிலைகளில் வெளியிடும் தொடர்மழை எச்சரிக்கையையும் கவனிக்கின்றனர்.